திரும்ப நடக்கச் சொன்ன கேமரா

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது சித்தேரி மலைக்கு ஜீப்பில் ஒரு பெண் வந்தார். கழுத்தில் இரண்டு கேமராக்கள். விறகுக்கட்டோடு மேடேறி வந்த என் ஆயாவைப் படமெடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி கீழே இறங்கி ஏறி வரச் சொன்னார். ஆயா இறங்கி ஏறினாள். மூன்று முறை. "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "ஜீப்புல வந்திருக்காங்க, யாருன்னு கண்டோம்?" என்றாள்.

பிறகு கல்லூரியில் படிக்கும்போது ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கீழே 'மலையின் மௌனம்' என்று எழுதியிருந்தது. ஊரில் ஆயாவின் வாய்க்கு அஞ்சாதவர்கள் இல்லை. அவளுக்கு மௌனம் என்று பெயர்!

மார்கரெட் பர்க்-ஒயிட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடு நினைவுக்கு வருகிறது.

1904இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். பெண்கள் நுழையக்கூடாது என்றிருந்த உருக்காலைகளுக்குள் கேமராவோடு நுழைந்தார். 1929இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் சேர்ந்தார். 1936 நவம்பர் 23 அன்று வெளிவந்த லைஃப் இதழின் முதல் அட்டையில் அவர் எடுத்த அணைக்கட்டுப் படம்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்து படமெடுத்தார். புக்கன்வால்ட் வதைமுகாமை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர். இதே காலத்தில் நம் நாட்டின் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவருடைய கணவரின் பெயரில்தான் அச்சாகின. அதை நினைத்தால், ஒரு பெண்ணின் பெயர் படத்துக்குக் கீழே வருவது எத்தனை பெரிய வெற்றி என்பது புரியும். அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கேமராவுக்குப் பின்னால் பெண் வந்துவிட்டால் முன்னால் நிற்பவளின் நிலை மாறிவிடுமா?

1946இல் லைஃப் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. புனேயில் காந்தி ராட்டையோடு அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் அப்போது எடுத்ததுதான். அதற்கு முன் அவருக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மேல் கூடாது. அவர் பணிந்தார், நூற்கவும் கற்றார்.

அடுத்த ஆண்டு பிரிவினை. பஞ்சாபின் சாலைகளில் அகதிகள் நடந்துகொண்டிருந்தார்கள். உடன் சென்ற லைஃப் செய்தியாளர் லீ ஐட்டிங்கன் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தார். படம் சரியாக வர வேண்டும் என்பதற்காக, சோர்ந்து நடந்துவந்த அந்த மக்களைப் பர்க்-ஒயிட் திரும்பப் போய் மறுபடி மறுபடி நடந்துவரச் சொன்னார்; மறுக்கும் துணிவு அவர்களுக்கு இல்லை.

ஒரே கேமரா, ஒரே கை. காந்தியால் நிபந்தனை போட முடிந்தது. அகதியால் முடியவில்லை. என் ஆயாவாலும் முடியவில்லை. சம்மதம் என்பது கேட்பவரின் நல்ல மனதை மட்டும் பொறுத்ததல்ல. மறுத்தால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாதவர்தான் சம்மதிக்கவும் முடியும்.

அடுத்தது சொல். 1937இல் எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெல்லோடு சேர்ந்து, அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை விவசாயிகளைப் பற்றிப் பர்க்-ஒயிட் ஒரு புத்தகம் வெளியிட்டார். படங்களுக்குக் கீழே அந்த மக்களே பேசுவதுபோல் வரிகள் இருந்தன. அவை அவர்கள் சொன்னவை அல்ல. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஆசிரியர்கள் கருதியவை. புத்தகத்தின் முன்குறிப்பே இதை ஒப்புக்கொள்கிறது. வறுமையைக் காட்ட வேண்டும் என்ற அக்கறை உண்மையானது. ஆனால் அந்த அக்கறைதான் வறியவளின் வாயிலிருந்து அவளுடைய பேச்சை எடுத்துவிட்டுத் தன் பேச்சை வைத்தது.

எங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஜீப்பைக் கண்டதும் ஆயா ஏன் இறங்கி ஏறினாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் பெண்கள் குற்றவாளிகளை அடையாளம் காட்டினார்கள். நீதிமன்றத்தில் நின்று தங்கள் சொல்லில் பேசினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அவர்கள் 'மௌனம்' என்ற தலைப்புக்குள் அடங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது. பழங்குடிப் பெண்ணைப் படமெடுக்கிறவர்கள் மறக்கக்கூடாத பாடம் இது. நாங்கள் பேசாதவர்கள் அல்ல. எங்கள் பேச்சைக் கேட்கும்வரை யாரும் நிற்பதில்லை.

பர்க்-ஒயிட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவருடைய படங்கள் இல்லையென்றால் பிரிவினையின் சாலைகளை நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் 'முதல் பெண்' என்ற பட்டத்தோடு நம் வாசிப்பு நின்றுவிடக்கூடாது. அந்தப் படங்களில் இருக்கும் பெண்களின் பெயர் என்ன, எத்தனை முறை நடந்தார்கள், படத்தை அவர்கள் பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும். பெண்ணியம் இரண்டு பெண்களையும் பார்க்க வேண்டும்.

போன அறுவடையின்போது ஆயாவை என் செல்போனில் படமெடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "இது வேணாம் கண்ணு, அழிச்சிரு. தலை சீவிக்கிட்டு வரேன்" என்றாள். சீவிக்கொண்டு வந்து களத்துமேட்டில் தானே இடம் பார்த்து நின்றாள். "கீழே என்ன எழுதட்டும் ஆயா?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் சாமை நல்லா வெளைஞ்சுது, வெலதான் இல்லன்னு எழுது."

அப்படியே எழுதினேன்.