பாலிமர் கலவை மின்பகுளி: எதை நம்பலாம்?

1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் சக ஆய்வாளர்களும் பாலிஎத்திலீன் ஆக்சைடில் கார உலோக உப்புகள் கரைந்து பிணைவதைக் கண்டனர். அதை பேட்டரியில் அயனியைக் கடத்தும் மின்பகுளியாகப் பயன்படுத்தலாம் என்று சில ஆண்டுகளில் பிரான்சின் மிஷேல் அர்மான் முன்மொழிந்தார். தீப்பற்றும் திரவத்தின் இடத்தில் உலர்ந்த படலம் என்ற அந்த யோசனையின் அருமை இன்றும் குறையவில்லை. ஆனால் இந்தப் பாலிமர் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில்தான் உருகுகிறது. அதற்குக் கீழே அதன் பெரும்பகுதி படிகமாக இறுகிவிடுவதால் லித்தியம் அயனி எளிதில் நகர வழியில்லை.

படிகத்தைக் குலைக்க இன்னொரு பாலிமரைக் கலப்பது அடுத்த கட்டமாக வந்தது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியிலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் நிறைய வேலை நடந்திருக்கிறது. இந்தக் கலவைகள் உண்மையில் எதைச் சாதித்தன?

உலர்ந்த படலத்தை முதலில் பார்ப்போம். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்தால் படிகம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அது 100 டிகிரிக்கு மேல்தான் இளகும் விறைப்பான பாலிமர். அதன் பங்கு கூடக் கூட, அயனியைக் கைமாற்றிவிடும் சங்கிலிகளின் அசைவும் மந்தமாகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது.

கடத்துதிறன் பத்து மடங்கு உயர்ந்தது என்ற ஒரு வரியைக் கொண்டு இத்தகைய படலங்களை மெச்சுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உயர்ந்து அது 10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ. அளவை எட்டியதாக வைத்துக்கொள்வோம். படலத்தின் தடிமன் 100 மைக்ரான் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 ஓம் மின்தடை. அதில் ஒரு மில்லிஆம்பியர் ஓடினாலே 1 வோல்ட் வீணாகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் தருவதே சுமார் 3.4 வோல்ட்தான். கடத்துதிறன் 10⁻⁴ ஆகி, தடிமனும் 25 மைக்ரானாகக் குறைந்தால் இழப்பு 25 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆக, தடிமனைச் சொல்லாத கடத்துதிறன் பாதி விடைதான்.

அந்தக் கடத்துதிறனிலும் இரண்டு ஐயங்கள் உண்டு. படலம் வார்க்கப் பயன்பட்ட டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பான் முழுதாக வெளியேறாமல் தங்கினால், அதுவே அயனிக்கு வழிவிட்டு எண்ணை உயர்த்திக் காட்டும். புகழ் கலவைக்குப் போகும். அடுத்து, அளக்கப்படும் கடத்துதிறனில் எதிர் அயனியின் ஓட்டமும் சேர்ந்தே இருக்கிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடு வகைகளில் லித்தியத்தின் பங்கு பெரும்பாலும் 0.2 அளவில்தான் நிற்கிறது. பேட்டரிக்கு வேண்டியது அந்தப் பங்கு.

கூழ்ம மின்பகுளியில் கதையே வேறு. பி.வி.சி.யும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டும் கலந்த படலத்தில் எத்திலீன் கார்பனேட், புரொப்பிலீன் கார்பனேட் திரவத்தை ஊறவைக்கும்போது, திரவத்தோடு அவ்வளவாக ஒட்டாத பி.வி.சி. தனியே பிரிந்து எலும்புக்கூடாக நிற்கிறது. மற்றது திரவத்தைத் தாங்கி அயனிக்கு வழி தருகிறது. வெவ்வேறு பாலிமர்களின் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று முழுதாகக் கலப்பது அரிது. இங்கே அந்தப் பிரிவினையே பலமாகிறது. பி.வி.சி. அளவு மீறினால் மட்டும் வழி அடைபடும். இரண்டு பாலிமரும் நன்றாகக் கலந்துவிட்டன என்று நிறமாலையைக் காட்டி நிரூபிக்கப் பாடுபடும் கட்டுரைகள் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன. கூழ்மத்திலும் எரியும் திரவம் இருக்கிறது என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

சந்தைக்கு வந்த உலர் பாலிமர் பேட்டரிக்கு பாரிஸ் சாட்சி. 2011இல் அங்கே தொடங்கிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் பொல்லோரே நிறுவனத்தின் லித்தியம் உலோகப் பாலிமர் பேட்டரி ஓடியது. ஆனால் அதை எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும். இதே வகை பேட்டரியில் ஓடிய அந்நிறுவனத்தின் பேருந்துகள் இரண்டு 2022 ஏப்ரலில் தீப்பிடித்ததும், அதே வகையில் 149 பேருந்துகள் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டன. பாலிமர் என்ற பெயர் மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

என் தீர்ப்பு இதுதான்: திரவத்தைத் தாங்கும் கூழ்மச் சட்டகமாகக் கலவை தன் தகுதியை நிரூபித்துவிட்டது. அறை வெப்பநிலையில் தனித்து ஓடும் உலர் மின்பகுளியாக இன்னும் நிரூபிக்கவில்லை. படலத்தின் தடிமன், எஞ்சிய கரைப்பான், லித்தியத்தின் பங்கு, லித்தியம் உலோகத்தோடு மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பார்த்த சோதனை ஆகிய நான்கும் இல்லாத கட்டுரையை, கடத்துதிறன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.