பெற்றோரின் புகாரும் பெண்ணின் சொல்லும்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்துக்குப் பதினெட்டு நிரம்பாத எவரும் குழந்தை. குழந்தை சம்மதித்ததா என்ற கேள்வியே அங்கு எழாது. பதினேழரை வயதில் ப்ளஸ் டூ படிக்கும் பெண், தான் விரும்பிய பத்தொன்பது வயதுப் பையனோடு போய்ச் சேர்ந்து வாழ்ந்தால் அவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. அவள் கருவுற்றால் குற்றம் ஒரு படி ஏறி, குறைந்தபட்சமே இருபது ஆண்டு ஆகிவிடும். இரண்டும் 2019 திருத்தத்தால் உயர்ந்த அளவுகள். நீதிபதிக்கு மனம் இளகினாலும் அதற்குக் கீழே இறங்க இந்தச் சட்டத்தில் வழியில்லை.

இந்தப் பதினெட்டு அவ்வளவு பழைய எண்ணும் அல்ல. 1860இல் சம்மத வயது வரம்பு பத்து. கல்கத்தாவில் ஃபூல்மணி தாசி என்ற சிறுமி கணவனின் வன்புணர்வால் இறந்த பிறகு, 1891இல் அது பன்னிரண்டானது. வீட்டுக்குள்ளும் மதத்துக்குள்ளும் அரசு நுழையலாமா என்று திலகர் போன்றோர் அன்று கொதித்தார்கள். 1925இல் பதினான்கு, 1940இல் பதினாறு. பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் பதினாறுதான். போக்சோவுக்கான 2011 மசோதாவில்கூடப் பதினாறு முதல் பதினெட்டு வரையிலானவர்களின் சம்மதத்துக்கு ஓரிடம் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை நீக்கச் சொன்னது. 2013இல், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு பதினாறே போதும் என்றது. யாரும் கேட்கவில்லை.

1891இல் குடும்பம் அரசைப் பார்த்து ‘உள்ளே வராதே’ என்றது. இன்று அதே குடும்பம்தான் காவல் நிலையத்துக்குப் போய் அரசை அழைத்து வருகிறது. என்ஃபோல்ட் என்ற பெங்களூரு அமைப்பு, அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை போக்சோ வழக்குகளில் வந்த 7,064 தீர்ப்புகளைப் படித்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று, காதல் வழக்கு. அந்தக் காதல் வழக்குகளில் ஐந்தில் நான்கு பங்கைத் தொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோரோ உறவினரோதான். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விடுதலையில் முடிந்தன.

விடுதலை எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் பெண் கூண்டில் ஏறி ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறாள். பிறழ் சாட்சி என்று பதிவாகிறது. உண்மையைச் சொன்னால் அவன் உள்ளே போவான். பொய் சொன்னால் வெளியே வருவான். அவளைக் காக்க வந்த சட்டம் அவளைப் பொய்ச் சத்தியம் செய்ய வைக்கிறது. அதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம், வீட்டுக்குப் போகமாட்டேன் என்றால் குழந்தைகள் நலக் குழு வழியாகக் காப்பகம், பள்ளி மாற்றம் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தப் பின்னணியில் மூன்று யோசனைகள் முன்னால் இருக்கின்றன. முதலாவது, சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தந்த 283ஆவது அறிக்கை: வயதைக் குறைக்க வேண்டாம், பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர் இசைந்த வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வரையறுத்த அதிகாரம் தரலாம். மூன்றிலும் பலவீனமானது இதுதான். பத்தில் ஒன்பது வழக்குகள் தண்டனைக் கட்டத்தையே எட்டுவதில்லை. நடைமுறையே தண்டனையாகிவிட்ட இடத்தில் கடைசி நாள் இரக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

உச்ச நீதிமன்றமே அதற்கு ஒரு சான்று தந்தது. மேற்கு வங்கத்தில் பதினான்கு வயதுச் சிறுமி, இருபத்தைந்து வயது ஆண். 2024 ஆகஸ்டில் அவன் குற்றவாளி என்ற தீர்ப்பை நீதிமன்றம் மீட்டது. 2025 மே மாதம், அரசமைப்பின் 142ஆவது பிரிவின் தனி அதிகாரத்தால், தண்டனை விதிக்காமல் விட்டது. அதற்குள் அவள் வயது வந்த பெண்ணாகி, ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். நடந்ததை அவள் குற்றமாகவே பார்க்கவில்லை என்றும், அவளை வதைத்தது பின்னால் வந்த போலீஸும் வழக்கும்தான் என்றும் நீதிமன்றம் பதிவு செய்தது. அந்த வயது இடைவெளியை நான் ஏற்கவில்லை, அது பிறகு.

இரண்டாவது யோசனை, வரம்பை நேராகப் பதினாறுக்கு இறக்குவது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் 2025இல் உச்ச நீதிமன்றத்தில் பதினாறு–பதினெட்டு வயதினருக்காக இதை வாதிட்டார். ஒன்றிய அரசு எதிர்த்தது. அரசின் அச்சத்தை வெறும் ஒழுக்கப் பிரசங்கம் என்று நான் ஒதுக்க மாட்டேன். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பதினாறு வயதுப் பெண்ணிடம் சூப்பர்வைசர் பெற்றதாகச் சொல்லும் சம்மதத்தை எந்தத் தராசில் நிறுப்பது? நிலமுள்ள வீட்டு ஆண் தன் வயலில் கூலிக்கு வரும் தலித் சிறுமியைச் சீரழித்துவிட்டு ‘அவளும் இசைந்துதான்’ என்று சொல்வது நமக்குப் புதிதா? பழைய சட்டத்தில் அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைக் காப்பாற்றியது! பதினெட்டு என்ற கோடு அந்த வாயை அடைத்தது. அதை மொத்தமாக அழிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சாதி மறுபக்கமும் வேலை செய்கிறது. பையன் தலித், பெண் வேறு சாதி என்றால் போக்சோ கையில் எடுக்க ஏற்ற ஆயுதம். வெட்டரிவாளைவிடச் சட்டம் மேல் என்று சொல்பவர் உண்டு. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த ஒப்பீடு எனக்கு ஆறுதலாக இல்லை.

மூன்றாவது யோசனை சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. 2019 ஏப்ரலில் நீதிபதி வி. பார்த்திபன், பதினாறுக்கு மேற்பட்ட பெண்ணின் இசைந்த உறவில் ஆணின் வயது அவளைவிட ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சட்டத்தைத் திருத்தலாம் என்றார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்று கூறி ஒரு ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கையே ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு டி.ஜி.பி., காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல காரியங்கள். ஆனால் ஒரு நீதிபதியின் மனதையும் ஒரு அதிகாரியின் சுற்றறிக்கையையும் நம்பி ஒருவனின் இருபதாண்டைத் தொங்கவிட முடியாது.

என் தீர்ப்பு இந்த மூன்றாவதற்கே. காரணம் இரக்கமல்ல, நிரூபணம். பெண் மனதார இசைந்தாளா என்பதை அவள் வாயிலிருந்து மட்டும் அறிய முயன்றால், வீட்டில் அடைத்துவைத்து வேறு சொல் சொல்ல வைக்க முடியும். அவன் தரப்பும் மிரட்டியோ பணம் கொடுத்தோ அதையே செய்யும். வயது வித்தியாசத்தை யாராலும் மிரட்ட முடியாது. இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். கனடா இப்படித்தான் செய்கிறது: பொது வரம்பு பதினாறு; பதினான்கு, பதினைந்து வயதினருக்கு ஐந்தாண்டுக்குக் குறைந்த இடைவெளி விலக்கு; நம்பிக்கைக்குரிய, அதிகாரமுள்ள இடத்தில் இருப்பவருக்குப் பதினெட்டு வரை விலக்கே இல்லை. ஜப்பானும் 2023இல் வரம்பைப் பதின்மூன்றிலிருந்து பதினாறாக உயர்த்தியபோது ஐந்தாண்டு இடைவெளி என்ற கருத்தைச் சேர்த்துக்கொண்டது.

விலக்கே இல்லாதவர்களின் நம் பட்டியலில் ஆசிரியரோடு டியூஷன் மாஸ்டர், மில் சூப்பர்வைசர், பண்ணை முதலாளி, விடுதிக் காப்பாளர், மதகுரு, ஒரே வீட்டில் வாழும் உறவினர் எல்லாரும் இருக்க வேண்டும். வற்புறுத்தல் என்று பெண் சொன்னால் விலக்கு அங்கேயே செத்துவிட வேண்டும். ஐந்தாண்டு அதிகம், மூன்று போதும் என்பார்கள். இங்கே ப்ளஸ் டூ பெண் விரும்புவது பெரும்பாலும் வகுப்புத் தோழனை அல்ல, வேலைக்குப் போய்விட்ட இருபது, இருபத்தொரு வயதுக்காரனை. மூன்று என்று வைத்தால் சட்டம் காகிதத்தில் மட்டும் திருந்தும்.

ஒரு ஓட்டை இருப்பதை மறைக்கப் போவதில்லை. பதினாறு வயது மகளை இருபது வயது முறைப்பையனுக்குக் கட்டிவைக்கும் பெற்றோரும் இந்த விலக்குக்குள் ஒளியலாம். திருமணத்துக்குள்ளும் பதினெட்டுதான் வரம்பு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதைக் கைவிடக் கூடாது. குடும்பம் நடத்திவைத்த குழந்தைத் திருமணத்துக்கு விலக்கில்லை என்று தனியாக எழுதியாக வேண்டும். வங்க வழக்கு போன்ற பதினான்குக்கும் இருபத்தைந்துக்கும் இந்தத் தீர்வில் இடமே இல்லை. இருக்கவும் கூடாது.

இனி பெற்றோர் உரிமை. மகள் யாரோடு பழகுகிறாள் என்று கேட்கவும் கண்டிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பதினாறு வயதில் எடுத்த முடிவின் பாரத்தைக் கடைசியில் சுமப்பதும் அவர்களே. அரசைக் கொண்டு இன்னொருவன் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பும் உரிமை அதில் அடங்குமா என்பதே கேள்வி. 1964இல் சென்னையிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. பதினெட்டை நெருங்கிய கல்லூரி மாணவி தானே தொலைபேசியில் அழைத்து, குறித்த இடத்துக்குத் தானே போய், பக்கத்து வீட்டுக்காரனின் காரில் ஏறிப்போய்த் திருமண ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டாள். கடத்தியதற்கும் கூட வர விட்டதற்கும் வித்தியாசம் உண்டு என்று கூறி அவனை விடுவித்தார்கள். ஆனாலும் அந்தக் குற்றம் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன்படி இழப்பு பாதுகாவலருடையது. பெண்ணின் விருப்பம் கணக்கில் வராது. போக்சோவை மட்டும் திருத்திவிட்டு இதைத் தொடாமல் விட்டால், அடுத்த புகார் கடத்தல் என்ற பெயரில் வரும்.

பையனின் பக்கம் ஒரு முரணும் உண்டு. இருவருக்கும் பதினேழு என்றால் சட்டப்படி இருவருமே குழந்தைகள். வழக்கு அவன் மேல் மட்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டம், பதினாறு கடந்தவன் கொடுங்குற்றம் செய்தால் மதிப்பீட்டுக்குப் பின் வயது வந்தவனாக விசாரிக்கலாம் என்கிறது. அதே வயதில் குற்றம் புரியும் முதிர்ச்சி வந்துவிடலாம், இசையும் முதிர்ச்சி மட்டும் வராதாம்.

திருத்தத்தின் கடைசி உறுப்பு மருத்துவமனையில் இருக்கிறது. போக்சோவின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாத மருத்துவருக்கும் தண்டனை. அதனால் கருவுற்ற பதினேழு வயதுப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகப் பயந்து வேறெங்கோ போகிறாள். கருக்கலைப்புக்கோ பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் புகாரில் அவள் பெயரைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் வழி திறந்தது. பெற்றோரிடம் சொல்ல முடியாததால்தான் தனியாக வருகிறாள் என்ற பெண்ணுக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கிறது. விலக்குக்குள் வரும் வழக்குகளில் மருத்துவருக்குப் புகார் கடமையே இல்லை என்று சட்டம் சொல்லாதவரை மற்ற திருத்தங்கள் அவளை எட்டாது.