பொய்க் கொம்பு

பெரியவர்கள் தேவதைக் கதை படிப்பதைக் குழந்தைமைக்குத் திரும்புதல் என்று சொல்லிவிடுவது சுலபம். பீட்டர் பீகிள் 1968இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் யூனிகார்ன்' நாவலின் முன் இந்த விளக்கம் நிற்காது.

அதில் ஒரு சூனியக்காரி ஊர் ஊராக மிருகக் காட்சி நடத்துகிறாள். கிழட்டுச் சிங்கத்தையும் நாயையும் புராண மிருகங்களாகத் தோன்றச் செய்வது அவள் வித்தை. நிஜமான யூனிகார்ன் ஒன்று அகப்படுகிறது. ஜனங்கள் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைக் குதிரை. அதன் நெற்றியில் மந்திரத்தால் ஒரு பொய்க் கொம்பை வைக்கிறாள். அப்போதுதான் பார்க்கிறார்கள், அழவும் செய்கிறார்கள்.

பீகிளின் வேடிக்கைகள் அந்தப் பொய்க் கொம்பு. தன்னைப் பற்றித் தானே பாட்டுக் கட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்பாளர் சைல்ட் வந்து சேகரிப்பார் என்று காத்திருக்கும் கொள்ளைக்காரன். பாட்டும் கவிதையும் துண்டு துண்டாக ஒப்பிக்கும் பட்டாம்பூச்சி. நம்பி ஏமாந்துவிடுவோமோ என்ற கூச்சம் வயது வந்த வாசகனுக்கு உண்டு. ஆசிரியர் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறார். (சில இடங்களில் வெறும் சாமர்த்தியம்தான்.)

மாலி க்ரூ வரும் இடத்தில் சிரிப்பில்லை. கொள்ளைக் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டே இளமை போனவள். யூனிகார்னைக் கண்டதும் அவளுக்கு வருவது பரவசமல்ல, கோபம். அன்று வராமல் இப்போது ஏன் வந்தாய் என்கிற கோபம். குழந்தைக்கு இது புரியாது. குழந்தையிடம் யூனிகார்ன் எப்போது வந்தாலும் நேரத்துக்குத்தான் வருகிறது. மாலி திட்டித் தீர்க்கிறாள், மன்னிக்கிறாள், பிறகு அதனுடன் புறப்பட்டுவிடுகிறாள்.