நாஸ்டரில் நீள்கட்டுரை: கையெழுத்து சரி, மேற்கோள்?

பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகளைச் சொல்வார்கள். ஒன்று, உங்களை யாரும் தடை செய்ய முடியாது. இரண்டு, எந்தக் கம்பெனி கடையைச் சாத்தினாலும் உங்கள் எழுத்து போகாது. முதலாவதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. என்னைப் போல வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வுக் குறிப்புகள் எழுதுகிறவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம். நான் எழுதுவதை எவரும் தடை செய்யப் போவதில்லை. படிப்பதற்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பத்து வருஷம் கழித்து ஒருவர் தேடி வந்தால் அது இருக்குமா என்பது நிஜமான கேள்வி.

தமிழ் இணையத்தில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜியோசிட்டீஸ் 2009-ல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரில் அழிக்கப்பட்டன. அடுத்த டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற குழுமங்கள் அங்கேதான் இயங்கின. ஆளாளுக்குச் சேமித்து வைத்தது மட்டும்தான் மிச்சம்.

அதனால் நாஸ்டர் நெறிமுறையில் நீளமான கட்டுரைகளுக்கென்றே தனி விதி இருக்கிறது என்று தெரிந்தபோது அந்த ஆவணத்தை வரிவரியாகப் படித்தேன். அதன் பெயர் நிப்-23. சிறிய ஆவணம்தான், காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஒரு கட்டுரைக்கு என்னென்ன தேவை என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. எதை நினைக்கவில்லை என்பதும் தெரிகிறது.

எப்படி வேலை செய்கிறது?

நாஸ்டரில் எல்லாமே ‘ஈவன்ட்’. ஒரு ஈவன்ட் என்பது சின்ன ஜேசன் துண்டு. எழுதியவரின் பொதுச்சாவி, நேரம், வகை எண், டேக்குகள், உள்ளடக்கம், கையெழுத்து ஆகியவை அதில் இருக்கும். இவற்றில் கையெழுத்தைத் தவிர மற்றவற்றைச் சேர்த்து ஷா-256 முறையில் கணக்கிட்ட ஹேஷ்தான் அந்த ஈவன்டின் அடையாள எண். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். இதை நீங்கள் பல ரிலேக்களுக்கு அனுப்புகிறீர்கள். ரிலே என்பது ஈவன்டை வாங்கி வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் சர்வர், அவ்வளவுதான். ரிலேக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

வகை எண் 1 என்றால் குறும்பதிவு. 30023 என்றால் நீள்கட்டுரை. உள்ளடக்கம் மார்க்டவுனில் இருக்க வேண்டும். அதற்குள் எச்டிஎம்எல் கூடாது. தலைப்பு, சுருக்கம், முகப்புப் படம், முதலில் வெளியான தேதி ஆகியவற்றுக்கு டேக்குகள் உண்டு. கூடவே ‘டி’ என்று ஒரு டேக். அது அந்தக் கட்டுரைக்கு நீங்கள் வைக்கும் நிலையான பெயர்.

அந்த ‘டி’ டேக்தான் இங்கே கதாநாயகன். குறும்பதிவைத் திருத்த முடியாது. கட்டுரையைத் திருத்தலாம். அதே சாவி, அதே வகை எண், அதே ‘டி’ பெயரில் புதிய ஈவன்ட் அனுப்பினால் ரிலே அதைப் புதிய பதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

இதில் உண்மையிலேயே நல்லது

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது சாதாரண நல்லது அல்ல.

ஒரு வழக்கமான இணையப் பக்கத்தை நீங்கள் சேமித்து வைத்தால், அது அசல்தான் என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நாஸ்டர் ஈவன்டில் ஆதாரம் உள்ளேயே இருக்கிறது. ரிலேக்கள் எல்லாம் போய்விட்டாலும், யாரோ ஒருவர் தன் பென்டிரைவில் அந்த ஜேசன் துண்டை வைத்திருந்தால் போதும். கையெழுத்தைச் சரிபார்த்து, இந்தச் சாவிக்குரியவர் எழுதியதுதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எங்கிருந்து கிடைத்தது என்பது முக்கியமில்லாமல் போகிறது. யாஹூ குழும மடல்களுக்கு இந்த வசதி இருந்திருந்தால், காப்பாற்றப்பட்ட பிரதிகளின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வியே வந்திருக்காது.

மாஸ்டடானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் எழுத்து உங்கள் சர்வரின் சொத்து. வேறு சர்வருக்குக் குடிபோனால் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், பழைய பதிவுகளைக் கொண்டுபோக முடியாது. மொசில்லா நடத்திய மாஸ்டடான் சர்வர் 2024 டிசம்பரில் மூடப்பட்டபோது பயனர்கள் எதிர்கொண்டது இதைத்தான். பரவலாக்கம் என்ற சொல்லுக்கு அங்கே ‘நிறைய வீட்டுக்காரர்கள்’ என்று பொருள். ‘சொந்த வீடு’ என்று அல்ல. இந்த ஒப்பீட்டில் நாஸ்டர் பல படி மேலே.

முதல் பிரச்சினை: எந்தப் பதிப்பு?

ஆய்வுக் கட்டுரைக்கும் மற்ற கட்டுரைக்கும் வித்தியாசம், அதை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார் என்பது. மேற்கோள் காட்டினால் அது அசையக் கூடாது.

ஒருவர் ஒரு கல்வெட்டின் ஆட்சியாண்டை 13 என்று படித்துக் கட்டுரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை மறுத்து இன்னொருவர் எழுதுகிறார். பிறகு முதலாமவர் சத்தமில்லாமல் 18 என்று திருத்திவிடுகிறார். இப்போது மறுப்பைப் படிப்பவருக்கு, மறுத்தவர்தான் தப்பாகப் படித்தவர் போலத் தெரியும்.

நாஸ்டரில் ஒரு கட்டுரையை இரண்டு வழியில் சுட்டலாம். சாவியும் ‘டி’ பெயரும் சேர்ந்த முகவரியைக் கொடுத்தால் எப்போதும் கடைசிப் பதிப்புக்குப் போகும். அதாவது நீங்கள் மேற்கோள் காட்டிய வாசகம் அங்கே இல்லாமல் போகலாம். ஹேஷ் எண்ணைக் கொடுத்தால் நீங்கள் படித்த அதே பதிப்பைத்தான் குறிக்கும். ஆனால் அடிப்படை விதி என்ன சொல்கிறது? இந்த வகை ஈவன்ட்களில் கடைசிப் பதிப்பை மட்டும் வைத்திருந்தால் போதும், பழையவற்றை ரிலே தூக்கிப் போட்டுவிடலாம். ஆக முகவரி நகர்கிறது, நகராத சுட்டலுக்கோ பொருள் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

பழைய பதிப்பை ரிலே ‘கட்டாயம் அழிக்க வேண்டும்’ என்று விதியில் இல்லை, ‘அழிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கும் ரிலே ஒன்றை நீங்களே நடத்தலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் இயல்புநிலை என்பது பெரிய விஷயம். விக்கிப்பீடியாவில் பழைய பதிப்புகளைப் பார்ப்பது இயல்பு. அதற்கு யாரும் தனியாகச் சர்வர் நடத்த வேண்டியதில்லை. நிப்-23 எழுதியவர்கள் கட்டுரையைத் திருத்தும் உரிமையை எழுத்தாளருக்குக் கொடுத்தார்கள். திருத்தியதைப் பார்க்கும் உரிமையை வாசகருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது: எப்போது?

கையெழுத்து, யார் எழுதினார் என்பதைச் சொல்லும். எப்போது எழுதினார் என்பதைச் சொல்லாது. ஈவன்டில் உள்ள நேரத்தை எழுதுபவரின் மென்பொருள்தான் போடுகிறது. ‘முதலில் வெளியான தேதி’ டேக்கும் அப்படியே. நாளைக்கு நான் ஒரு கட்டுரை எழுதி 2021 என்று தேதி போட்டால் கையெழுத்து கச்சிதமாகச் சரிபார்க்கப்படும்.

‘இதை முதலில் சொன்னது யார்’ என்ற சண்டை ஆய்வு உலகில் எவ்வளவு பிரசித்தம் என்று உங்களுக்கே தெரியும். பிட்காயின் சங்கிலியை வைத்து நேரத்தைச் சான்றளிக்க ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற முறை உண்டு, நாஸ்டரில் அதற்கு நிப்-03 என்று விதியும் இருக்கிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில், தனியாகச் செய்ய வேண்டிய வேலை. கட்டுரை வகைக்குள் கட்டாயம் இல்லை.

மூன்றாவது: கட்டுரை என்பது எழுத்து மட்டுமா?

அடிக்குறிப்பு இல்லாத ஆய்வுக் கட்டுரை உப்பில்லாத சாம்பார். நிப்-23 மார்க்டவுன் என்று சொல்கிறது, எந்த மார்க்டவுன் என்று சொல்லவில்லை. பொதுவாக அடிப்படையாகக் கொள்ளப்படும் காமன்மார்க்கில் அடிக்குறிப்பும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. எச்டிஎம்எல் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதற்குத் தடை. ஒரு செயலியில் ஒழுங்காகத் தெரியும் அடிக்குறிப்பு இன்னொன்றில் வெறும் சதுர அடைப்புக்குறியாக நிற்கலாம்.

படங்கள் இன்னும் மோசம். ஈவன்டுக்குள் படம் இருக்காது, படத்தின் இணைப்புதான் இருக்கும். கையெழுத்துப் பாதுகாப்பது அந்த இணைப்பை மட்டுமே. கல்வெட்டுப் படியின் புகைப்படம் வேறொரு சர்வரில் இருக்கிறது. அது போனால் ‘படம் 3-ஐப் பார்க்க’ என்ற வரி மட்டும் பத்திரமாக இருக்கும். படத்தின் ஹேஷையே அதன் பெயராக வைக்கும் பிளாசம் என்ற ஏற்பாடு இதற்கு நல்ல மருந்து. படம் எந்தச் சர்வரில் கிடைத்தாலும் அசல்தானா என்று பார்த்துவிடலாம். ஆனால் அதுவும் கட்டுரை விதியின் பகுதி இல்லை.

தமிழுக்கு ஒரு கூடுதல் கணக்கு. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. சேமிப்பில் 15 பைட். ரிலேக்கள் பெறும் செய்தியின் அளவுக்கு ஆளுக்கொரு வரம்பு வைத்திருக்கின்றன. 2,000 சொற்கள் கொண்ட ஆங்கிலக் கட்டுரை சுமார் 12 கேபி. அதே அளவு சொற்களில் தமிழ்க் கட்டுரை 50 கேபியைத் தொட்டுவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தட்டுப்படவே படாத வரம்பு நமக்கு வாசற்படியிலேயே இடிக்கலாம்.

யார் படிப்பார்கள்?

குறும்பதிவுச் செயலிகள் இந்த விதியைக் கையாள வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று நிப்-23 தானே சொல்கிறது. ஹப்லா, யாக்கிஹோன்னே போன்ற கட்டுரைகளுக்கான செயலிகள் தனியாக உண்டு. கட்டுரைக்கு வரும் கருத்துகளுக்கும் வேறு வகை எண், 1111. பொறியியல் பார்வையில் இது சுத்தமான பிரிவு. ஆனால் சமூக வலைத்தளத்தில் கட்டுரை போடுவதன் ஒரே லாபம், ஏற்கெனவே அங்கே கூட்டம் இருக்கிறது என்பதுதானே? கூட்டம் ஒரு கூடத்தில், கட்டுரை அடுத்த கூடத்தில் என்றால் பாதி லாபம் போயிற்று.

மாஸ்டடான் பக்கமும் இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆக்டிவிட்டிபப் தரத்தின் சொற்களஞ்சியத்தில் ‘ஆர்ட்டிகிள்’ என்று தனி வகை முதலிலிருந்தே உண்டு. ஆனால் மாஸ்டடான் பல ஆண்டுகளாக அதைத் தலைப்பும் இணைப்புமாகத்தான் காட்டியது. ஆனாலும் வேர்ட்பிரஸுக்கான ஆக்டிவிட்டிபப் நீட்சி சரியான திசையில் போகிறது என்பது என் எண்ணம். அங்கே கட்டுரை உங்கள் சொந்தத் தளத்தில், அடிக்குறிப்பு, அட்டவணை, படம் எல்லாவற்றோடும் இருக்கிறது. வலைப்பின்னல் அதைப் பரப்பும் வேலையை மட்டும் செய்கிறது. குறை, தளத்தின் டொமைனைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் போனால் எல்லாம் போய்விடும்.

சாவிக்கும் இதே கதிதான். நாஸ்டரில் ரகசியச் சாவி தொலைந்தால் மீட்க வழியில்லை. திருடு போனால் மாற்றவும் வழியில்லை. திருடியவர் உங்கள் பெயரில், அதே ‘டி’ டேக்கில், உங்கள் பழைய கட்டுரையையே ‘திருத்தலாம்’. இருபது வருஷ உழைப்பை ஒரு சாவியில் கட்டித் தொங்கவிடுவது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

என் தீர்ப்பு

நிப்-23 பதிப்பிக்கும் இடமாக இன்னும் தயாராகவில்லை. சான்றளிக்கும் இடமாக இன்றைக்கே பயனுள்ளது. எனவே நான் பரிந்துரைப்பது இது: கட்டுரையின் வீடு உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். முக்கியமான ஒவ்வொரு பதிப்பையும் நாஸ்டரில் தனித்தனி ‘டி’ பெயரில் போடுங்கள், பெயரின் கடைசியில் பதிப்பு எண்ணோடு. அப்போது புதியது பழையதை விழுங்காது. அந்த ஜேசன் கோப்புகளை நீங்களும் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நண்பர்களிடமும் கொடுங்கள். மற்றவர் கட்டுரையை மேற்கோள் காட்டினால் முகவரி, ஹேஷ் இரண்டையும் குறிப்பிட்டு, நீங்கள் படித்த ஈவன்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறையில் மாற வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பும் முந்தைய பதிப்பின் ஹேஷைச் சுமந்து வர வேண்டும் என்று ஒரே ஒரு டேக்கைக் கட்டாயமாக்கினால் போதும். பழைய பதிப்பை ரிலே தூக்கிப் போட்டாலும், அப்படி ஒன்று இருந்தது என்பதாவது வாசகருக்குத் தெரியும். அதைத் தேடிப் போகலாமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.