தொட்டி வைத்த பைப்: பழைய பீட்டர்சன் சிஸ்டம் 307

புகையிலை எரியும்போது ஈரமும் கிளம்பும். அது தண்டுக்குள் குளிர்ந்து நீராகிவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கொளகொளவென்று சத்தம், கடைசியில் நாக்கில் கசப்புச் சாறு. இதற்காக லாத்வியாவிலிருந்து டப்ளினுக்கு வந்த சார்லஸ் பீட்டர்சன் 1890-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடுதான் 'சிஸ்டம்'. நான் பார்ப்பது அதன் எளிய ரகம்: பெரிய கிண்ணமும் வளைந்த தண்டும் நிக்கல் பூணும் கொண்ட பழைய ஸ்டாண்டர்டு 307.

புகைத்துளைக்குக் கீழே மரத்திலேயே ஒரு குழி குடைந்திருக்கிறார்கள். புகை மேலே போகும், ஈரம் குழியில் தங்கும். வாய்க்குழல் நுனியில் துளை மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் புகை நாக்கைச் சுடாமல் மேலண்ணத்தில் படுகிறது. இது 1898-இன் காப்புரிமை. சத்தம் உண்மையிலேயே இல்லை. ஆனால் குழியைத் துடைக்காமல் விட்டால் நாற்றம் தாங்காது. அந்தத் திரும்பிய துளையில் சுத்தம் செய்யும் கம்பி நுழைய அடம்பிடிக்கும். ஆறுதல் ஒன்று: சாதாரண பைப்பில் சூடாக இருக்கும்போது வாய்க்குழலை உருவினால் தண்டு விரிசல் விடலாம். இதில் பூணுக்குள் சும்மா செருகியிருப்பதால் தாராளமாக உருவித் துடைக்கலாம். (தொட்டி பிடிப்பது ஈரத்தை மட்டும்தான். வாய்ப்புற்றுநோய் அபாயம் அப்படியே இருக்கிறது.)

சேகரிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் பூண். அதில் கே அண்ட் பி எழுத்துகளோடு ஷாம்ராக் இலை, படுத்திருக்கும் வேட்டைநாய், வட்டக் கோபுரம் ஆகியவை பொறித்திருக்கும். பார்த்தால் வெள்ளி முத்திரை போலவே இருக்கும், வெறும் நிக்கல். "வெள்ளிப் பூண்" என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அசல் வெள்ளியில் டப்ளின் சோதனைச் சாலையின் ஆண்டெழுத்து இருக்கும். அதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். நிக்கலில் மரத்தின் முத்திரையே துணை. 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்றிருந்தால் 1922-37 காலத்தது, தேடி வாங்க வேண்டியது. 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து' என்றால் குடியரசு வந்த 1949-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ; பல பத்தாண்டுகள் அந்த ஒரே முத்திரைதான். அதற்கு "அரிது" என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்கள் தேதிக்குறி பொறித்த டன்ஹில்லுக்கே போகிறார்கள், அதற்கேற்ற விலையும் கொடுக்கிறார்கள்.

பழைய பைப் வாங்கினால் வேலை நிச்சயம். உள்ளே படிந்த கரியை மெல்லிய பூச்சாக மிஞ்சும்வரை சுரண்டவேண்டும். முந்தையவரின் புகையிலை வாசம் போக, கிண்ணத்தில் உப்பு நிரப்பி ஆல்கஹால் விட்டு ஓரிரவு வைக்கலாம். எபனைட் வாய்க்குழல் வெளிச்சத்தில் பச்சைப்பழுப்பாகியிருக்கும். ஃபவுண்டன் பேனா பிரியர்களுக்கு இது பழகிய கதைதான். ஈர உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மத்தியதரைக்கடல் பக்கத்து எரிகா ஆர்போரியா புதரின் வேர்முண்டு அது; லேசில் தீப்பிடிக்காது.

உழைக்கிற பைப் வேண்டும் என்பவருக்கு 307-ஐத் தயங்காமல் சொல்வேன். முத்திரை மங்கியிருந்தாலும் பரவாயில்லை. பூணுக்கு அடியில் விரிசல் ஓடியிருந்தாலோ, வாய்க்குழல் நுனியில் பல் பதிந்து ஓட்டை விழுந்திருந்தாலோ வேண்டாம். அந்த நுனியை ஒட்டவைத்துப் பழையபடி ஆக்குவது பாடாவதி வேலை.