மலையேறி வந்த கடல்

ஹட்டனை எல்லாரும் வழியில் வரும் ஊராகவே பார்க்கிறார்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக்காரர்கள் இங்கே ரயிலை விட்டிறங்கி மஸ்கெலியாப் பக்கம் பஸ் ஏறுகிறார்கள். நுவரெலியாவின் குளிரைத் தேடிப் போகிறவர்கள் ரயில் ஜன்னலால் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நில்லுங்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலைப் பக்கத்து லயங்களிலிருந்து பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சனம் வந்து இறங்க இறங்க, அந்தக் கடைவீதி கண்முன்னே நிறைந்துகொண்டு வரும். மஞ்சள், சிவப்பு, மயில்நீலம் என்று சேலைகள். லயத்து வாசலில் பூத்ததைக் கிள்ளிக் கொண்டையில் செருகிய ரோசா. நெற்றியில் துலங்கும் திருநீறு. வாரமெல்லாம் இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியுமாக மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து நின்ற பெண்கள் இவர்கள். இந்த ஒரு நாளுக்கான நிறத்தை எத்தனை அக்கறையோடு எடுத்து உடுத்தி வந்திருக்கிறார்கள்!

இந்தத் தெருவின் மறுமுனை கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது. கப்பல்கள் வந்து நிற்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் புறக்கோட்டை. பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய், துணி, கருவாடு எல்லாம் மொத்தமாகக் கைமாறும் பெரும் கடைத்தெரு. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிச் சுவர் கட்டி முடிந்ததும், மலையேறிய ரயில் பாதை ஹட்டனைத் தாண்டி நானுஓயாவைத் தொட்டதும் ஒரே ஆண்டில், 1885இல். மலையின் விளைச்சலைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பாதை. ஆனால் விளைச்சலை இறக்கிவிட்ட வண்டிகள் வெறுமையாகத் திரும்பவில்லை. அரிசியும் மாவும் துணியும் ஏற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து மேலே வந்தன. இன்று அந்தச் சுமையில் பெரும்பகுதியை லொறிகள் சுமக்கின்றன. புறக்கோட்டையிலிருந்து மலைக்கு என்ற போக்கு மட்டும் மாறவேயில்லை. கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலே, தேயிலைப் பச்சை சூழ்ந்த ஒரு தெருவில் கடலின் வாசம் வீசுவது அதனால்தான்.

அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனால் கருவாட்டுக் கடை வரும். மூக்கைச் சுளிக்காமல் கிட்டப் போய்ப் பாருங்கள். பிளந்து காயவைத்த கட்டாக் கருவாட்டின் உட்பக்கம் உப்புப் பூத்திருக்கிறது. சதை தேன் நிறம், முள்ளோரம் சாம்பல், தோலில் இன்னும் அழியாத வெள்ளி. நெத்தலிக் குவியலில் கடைக்காரர் கையை விட்டு ஒருமுறை அளைகிறார். உலர்ந்த, மெல்லிய, சலசலப்பான ஓசை ஒன்று எழுகிறது. நன்றாகக் காய்ந்த நெத்தலிக்குத்தான் அந்த ஓசை வரும். வாங்க வந்தவள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னே காதால் கேட்டுவிடுகிறாள். பக்கத்தில் மாலைதீவால் பேர்பெற்ற மாசி, கறுத்து இறுகிக் கிடக்கிறது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறார் ஒரு பெரியவர். கணீரென்ற அந்த ஒலிக்குத் தலையசைத்த பிறகுதான் விலையே கேட்கிறார். மேலே சாரல் விழத் தொடங்கினால் போதும், கடைக்காரரின் கை தானாகப் பொலித்தீன் விரிப்பை இழுத்து மூடுகிறது. வெயில் எட்டிப் பார்த்ததும் அதே கை விலக்குகிறது. கடலோர வெயில் கொடுத்த உலர்வை மலைமழையிடமிருந்து காப்பாற்றி வைத்திருப்பதே ஒரு கலை. நாளைக் காலை லயத்து அடுப்பங்கரையில் சுடச்சுட இறங்கும் ரொட்டிக்கு, இந்த மாசியை இடித்துப் போட்ட சம்பல்தான் துணை.

இரண்டடி தள்ளி வெற்றிலை. கூடையின் அடியில் ஈரத்துணி விரித்து, காம்பெல்லாம் உள்ளே பார்க்க, நுனியெல்லாம் வெளியே பார்க்க, சுற்றுச் சுற்றாக அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பாருங்கள். கீழிருந்து மேலே வரவர இலையின் அளவு சிறுத்து, பச்சை இளகி, உச்சியில் பொன்னும் பச்சையும் கலந்த தளிர் வந்து நிற்கிறது. விற்கிற ஆச்சி அவ்வப்போது விரல் நுனியால் தண்ணீர் தெளிக்கிறார். ஒவ்வொரு துளியும் இலையின் நரம்பு வழியே ஓடி, நுனியில் வந்து ஒரு கணம் தயங்கிவிட்டு விழுகிறது. வாங்குகிறவள் இலையைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கிறாள். நரம்பு பருத்திருந்தால் முற்றல், மெலிந்திருந்தால் இளசு. குளிரில் கொழுந்து பறிக்கிறவளுக்கு வாயின் சூடும் நாவின் உறைப்பும் இந்த இலையிலிருந்துதான்.

மரக்கறியின் அழகைப் பார்க்க இன்னும் மேலே, நுவரெலியாவுக்குப் போக வேண்டும். 1840களின் பிற்பகுதியில் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் இங்கே குடியேறி ஐரோப்பியப் பயிர்களை ஊன்றிய காலந்தொட்டு, 1,868 மீற்றர் உயரத்து இந்தக் குளிர்மண் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் தாய்மண் ஆகிவிட்டது. சந்தையிலும் பாதையோரத் தட்டிகளிலும் அவற்றை அடுக்கி வைத்திருக்கும் முறையில் ஓர் ஓவியனின் கை தெரிகிறது. கழுவிய கரட்டின் தலைகள் எல்லாம் ஒரே வரிசையில் வெளியே பார்க்கின்றன. அதன் செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் எதுவும் வராது. வெள்ளை முள்ளங்கி வரும், அதையடுத்து இருண்ட பீட்ரூட், பிறகு வெளிர்பச்சை நோக்கோல். கோவாவின் வெளியிலையை முழுவதும் உரித்துவிடாமல் இரண்டை மட்டும் விட்டுவைக்கிறார்கள்; நரம்போடிய அந்த நீலப்பச்சை இலைக்குள் கோவா பத்திரமாக அமர்ந்திருக்கிறது. லீக்ஸைப் பாருங்கள்: அடியில் பால் வெள்ளை, நடுவில் பசும்மஞ்சள், மேலே கரும்பச்சை. எந்த இடத்தில் ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. விற்கிற பெண் குழந்தைக்குத் தலைவாருவதுபோல அதன் இலைகளைக் கையால் நீவி, நுனியைச் சீராக நறுக்கிக் கட்டுகிறாள். உருளைக்கிழங்கை மட்டும் யாரும் கழுவுவதில்லை. நுவரெலியாக் கிழங்குக்கு அதன் மேலே ஒட்டிய மண்தான் அழகு, அதுதான் அத்தாட்சியும்.

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் 1873இல் அமைந்த கிரகரி ஏரியையும், 1894இல் கட்டிய செங்கல் தபாலகத்தையும், 1897இல் திறந்த விக்டோரியா பூங்காவையும் ஆசையாகப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான். தபாலகத்தின் கூர்ந்த கூரையும், மூடுபனியில் நனைந்து ஆழ்ந்த சிவப்பாகும் அதன் சுவரும் எத்தனை முறை பார்த்தாலும் தெவிட்டாதவை. அந்தக் கண்ணோடேயே பேல் பஜாருக்கும் வாருங்கள். நெருங்கிய கடைகளின் நெற்றியெல்லாம் குளிர்ச்சட்டைகள் தொங்குகின்றன. பஞ்சுவைத்துத் தைத்தவை, கம்பளி பின்னியவை, உள்ளே மென்மயிர் வைத்தவை. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகள் தூரதேசங்களின் பனிக்காலத்துக்கென்று தைத்து, கணக்குக்கு மேலே மிஞ்சியவை இவற்றில் பல. ஏதோ ஓர் அந்நிய ஊருக்குக் கப்பலேறியிருக்க வேண்டிய சட்டை, இங்கே ஒரு சிறுபிள்ளையின் தோளில் ஏறி உட்காருகிறது. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலை ஓட்டிப் பார்க்கிறாள் தாய். நூல் பிரியாமல், தப்பித் தாண்டாமல், ஒரே அளவில் நடந்திருக்கிறது தையல். தைத்தவளும் இந்நாட்டுப் பெண்தான். முகம் தெரியாத அவளுடைய கைநேர்த்தியை இவள் விரல் அடையாளம் கண்டு மெச்சுகிறது.

"நானா, என்ன விலை சொல்றீங்க? போன மாசம் இப்படி இல்லியே."

"உங்களுக்குக் கூடச் சொல்வேனா தங்கச்சி? பிடிச்சுப் பாருங்க, சாமான் அப்படி."

"பிடிச்சுப் பாத்துத்தான் கேக்குறேன். புள்ள ஸ்கூலுக்குப் போட. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

இந்தப் பேரத்தில் சண்டை இல்லை. ஒரு இசைவு இருக்கிறது. இருவருக்கும் முடிவு தெரியும், முடிவுக்குப் போகும் வழியை இருவரும் அழகாக நடந்து முடிக்கிறார்கள். அடுத்த கடையில் அதே பெண் "கீயத மல்லி?" என்று சிங்களத்தில் விலை கேட்கிறாள், அந்தப் பையன் "எடுங்க அக்கா" என்று தமிழில் பதில் சொல்கிறான். மொழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல், நெரிசலில் தோள் ஒதுக்கி வழிவிட்டு நடக்கின்றன.

மறுபடி ஹட்டனுக்கு இறங்கி வந்து, நடந்த களைப்புக்கு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்காருங்கள். பாலில்லாத சாயத்தண்ணியைக் கேளுங்கள். சின்னக் கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் ஆழ்ந்த செம்பும் விளிம்பில் மெல்லிய பொன்வளையமும் தெரியும். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய நாள்முதல், தேர்ந்த நாக்குகள் இந்த நிறத்தையும் உறைப்பையும் நிறுத்து விலைவைத்து வருகின்றன. இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கொழுந்து எந்தக் காலத்தில் எடுத்தது, மழைக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுகிறார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு மடக்கு, ஒரு நக்கல். இனிப்பும் கசப்பும் கலந்துபோகாமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து தத்தம் சுவையை முழுதாகக் காட்டுகின்றன.

இத்தனையிலும் என்னைத் திரும்பத் திரும்பக் கட்டிப்போடுவது வாங்குகிற பெண்களின் விரல்கள். தேயிலைச் சாயம் நகக்கண்ணில் ஊறி, வெடிப்பில் கறுத்து, அழியாமல் நின்றுவிட்ட விரல்கள். போஞ்சிக் குவியலில் அவை இறங்கும்போது கவனியுங்கள். குவியலைக் கிளறுவதில்லை, கலைப்பதில்லை. மேலே மேலே ஓடி, தொட்ட மாத்திரத்தில் முற்றலை விட்டு இளசை எடுத்து, எடுத்ததை உள்ளங்கையிலேயே சேர்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போகின்றன. கை நிறைந்த பிறகுதான் பைக்குள் போடுகின்றன. மலைச்சரிவில் ரெண்டு இலை ஒரு மொட்டு என்று தேடி, உள்ளங்கை நிறைந்ததும் கூடைக்கு வீசும் அதே ஓட்டம், அதே சிக்கனம், அதே நயம். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். அத்தனையும் இந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தவை. முற்றிய இலை ஒன்று கலந்தாலும் தொழிற்சாலையில் சுவை கெடும் என்பதை இந்த விரல்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும் விடத் தெளிவாக அறிந்து வைத்திருக்கின்றன.

சுற்றுலாக் கையேடுகள் அருவியைக் காட்டுகின்றன, ஏரியைக் காட்டுகின்றன, பச்சைச் சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணைத் தூரத்துப் புள்ளியாகக் காட்டுகின்றன. அவளைக் கிட்ட நின்று, அவளுக்குரிய மரியாதையோடு பார்க்கும் இடம் இந்தக் கடைவீதி. வாரத்தின் மற்ற நாட்களில் அவள் தேர்ந்ததெல்லாம் கொழும்பில் கப்பலேறி யார் யாருடைய கிண்ணத்துக்கோ போய்விடுகிறது. இலங்கைத் தேயிலையை மெச்சும்போது உலகம் மெச்சுவது அவள் விரலின் தேர்ச்சியைத்தான். அந்தத் தேர்ச்சி அவள் வீட்டு அடுப்புக்காக, அவள் பிள்ளையின் தோளுக்காக, அவளுடைய சொந்த விருப்பத்துக்காக வேலை செய்வதைக் காண வேண்டுமென்றால் ஹட்டனுக்குத்தான் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டும்.