ஆழமும் அச்சமும்: நிக் கட்டரின் ‘தி டீப்’ – ஒரு மதிப்பீடு

திகில் புதினத்தைத் திறனாய்வுக்குரிய இலக்கிய வகையாக ஏற்பதில் நம்மிடையே இன்னும் தயக்கம் உண்டு. அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்த மரபினர் நாம். அச்சத்தையே பொருளாகக் கொண்ட எழுத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் நமக்குப் பொருந்தாது. கனடிய எழுத்தாளர் கிரேக் டேவிட்சன், நிக் கட்டர் என்னும் புனைபெயரில் எழுதி 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி டீப்’ இவ்வகையில் ஆராயத்தக்கது. அதன் முற்பகுதி பெற்ற வெற்றியைப் பிற்பகுதி இழந்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

மனிதரின் நினைவை அழிக்கும் கொள்ளைநோய் ஒன்று உலகெங்கும் பரவுகின்றது. முதலில் சாவி வைத்த இடம் மறக்கின்றது. பின்னர் எழுத்துகள் மறக்கின்றன. இறுதியில் உடல் தன் இயக்கத்தையே மறந்துவிடுகின்றது. மரியானா அகழியில் கண்டெடுக்கப்பட்ட ‘அம்ப்ரோசியா’ என்னும் பொருள் இந்நோய்க்கு மருந்தாகலாம் என்று நம்புகின்றனர். அதனை ஆராய எட்டு மைல் ஆழத்தில் ‘டிரியஸ்ட்’ என்னும் நிலையம் அமைக்கப்படுகின்றது. அங்குள்ள அறிவியலாளர் கிளேட்டனைத் தேடி, அவருடைய தம்பியும் கால்நடை மருத்துவருமான லூக் நெல்சன் கடலுக்குள் இறங்குகின்றார்.

1960-ஆம் ஆண்டு ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் அவ்வகழியின் அடித்தளத்தை அடைந்த கலத்தின் பெயரே நிலையத்தின் பெயர். அவ்வகழியின் அறியப்பட்ட பேராழம் ஏறத்தாழ 10.9 கிலோமீட்டர், புதினத்தின் எட்டு மைலோ 12.8 கிலோமீட்டரைத் தாண்டுகின்றது. இதனைப் பிழையெனத் தள்ள வேண்டியதில்லை. மனிதர் அளந்தறிந்த எல்லைக்கு அப்பால் வாசகரை நிறுத்தும் உத்தியாகவும் இதனைக் கொள்ளலாம். காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான நீரழுத்தம் வெளியே; குறுகிய இருண்ட வழிகள் உள்ளே. சுவர் தாங்குமா என்னும் ஒரே வினா பக்கங்களை நகர்த்துகின்றது. இப்பகுதியில் அச்சத்தைப் பிறப்பிப்பது இடமே, நிகழ்ச்சிகள் அன்று.

இப்புதினத்தின் சிறந்த கருத்தாக்கம் மற்றொன்று. கடலுக்கு மேலே மக்கள் மறந்து மடிகின்றனர். கீழே லூக்கினால் எதனையும் மறக்க இயலவில்லை. கொடுமைக்காரத் தாயும் காணாமற்போன மகனும் அவர் நினைவை விட்டு நீங்குவதில்லை. பின்னோக்கு உத்தி மூச்சுமுட்டும் சூழலைத் தளர்த்துகின்றது என்று சிலர் கருதக்கூடும். தொடக்கத்தில் அவ்வாறு நேரவில்லை. அவர் பிறந்த வீடும் பூட்டிய அறையாகவே தோன்றுகின்றது. ஆயின் அந்நினைவுகள் திரும்பத் திரும்ப வருகையில் அழுத்தம் குறைகின்றது. மேலும், லூக் கீழிறங்கிய பின்னர் கொள்ளைநோய் கதையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போகின்றது. மறதிக்கும் நினைவுக்கும் இடையே ஆசிரியர் தாமே நிறுவிய முரண் முழுமை பெறாமல் நிற்கின்றது.

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சத்தின் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். தம்மை ஆளும் அதிகாரம் உடையோரிடம் தோன்றும் அச்சத்தை இறுதி வகையில் அடக்கலாம். லூக் தம் தாயிடம் கொண்ட அச்சம் இத்தகையது. கடலடித் தீய ஆற்றல்கள் தரும் அச்சத்தினும் அது வலியது. பிற்பகுதியிலோ சிதையும் உடல்களின் வருணனை மிகுந்து, அச்சத்தின் இடத்தை இளிவரல் பிடித்துக்கொள்கின்றது. முடிவில் அவ்வாற்றல்களே தம் நோக்கத்தை விரித்துரைக்கின்றன. விளக்கப்பட்ட மறைபொருள் அச்சுறுத்தும் திறனை இழந்துவிடுகின்றது.

மைக்கேல் கிரைட்டனின் ‘ஸ்பியர்’ (1987) இங்கு ஒப்பிடத்தக்கது. அதன் களம் 1,000 அடி ஆழமே. எனினும், அதில் வரும் பேரிடர்கள் மாந்தரின் மனத்திலிருந்தே தோன்றுவதால் இடமும் உள்ளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ‘தி டீப்’ அதனினும் பன்மடங்கு ஆழம் இறங்கியும் இவ்வொருமையை எய்தவில்லை.

இக்குறைகளால் இப்புதினம் படிக்கத் தகாததாகிவிடாது. களவருணனை கற்பிக்கும் ஆசிரியர் இதன் முற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்பிக்கப் பிற்பகுதி உதவும்.